கச்சேரி வாசலும் கல்லடித் துறையும்

மட்டக்களப்பு,
மாசி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோசம். பனியில் வெளியே போகாதே. இங்கே பெரும்போக வெட்டு முடிகிற கட்டம். மருமகனின் வயலில் காலையில் வெட்டு மெசின் இறங்கியது, மத்தியானத்துக்குள் நெல் லொறியில் ஏறிவிட்டது. ஈர நெல்லுக்கு யாவாரிகள் சொல்கிற விலையைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது. மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம்.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். உன் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் பழைய காலனிப் பட்டினம் ஒன்றின் கடைத்தெருவைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எங்கள் ஊரை எழுதலாமா, வெள்ளைக்காரன் ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பேப்பர் விளம்பரமெல்லாம் இருந்ததா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுதலாம். ஆனால் சவர்க்காரம், தொப்பி, மருந்துப் போத்தல் என்று கடைக்காரர் போட்ட விளம்பரங்களைத் தேடினால் பிள்ளை ஏமாந்து போவாள். பட்டினத்தின் நடுவான புளியந்தீவில் யார் கடையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அதைக் காசு கொடுத்து அச்சடிக்க யாருக்கு என்ன தேவை? இங்கே அறிவித்தல் போட்டது கச்சேரி, அதாவது வெள்ளைக்கார அரசாங்கத்தின் மாவட்ட அலுவலகம். ஒரு வகையில் பார்த்தால் ஊரின் பெரிய யாவாரியும் கச்சேரிதான். உப்பு அதன் ஏகபோகம். தவறணை என்கிற சாராயக் கடை நடத்தும் உரிமையை வருடா வருடம் ஏலத்தில் விற்றது. முடிக்குரிய காணியை விற்றது. தோணியில் ஆறு கடக்கும் துறைகளில் காசு அறவிடும் உரிமையையும் விட்டுவைக்கவில்லை.

அந்தத் துறைக் குத்தகையைப் பற்றி அவள் கட்டாயம் எழுத வேண்டும். கல்லடிப் பாலம் 1924ல்தான் வந்தது என்பது உனக்குத் தெரியும். அதற்கு முன் கல்லடிப் பக்கத்திலிருந்து பட்டினத்துக்குள் வரவும் போகவும் ஆற்றைத் தோணியில் கடந்தே ஆக வேண்டும். கடல் பக்கத்து எழுவான்கரையிலிருந்து மீன், கருவாடு, தேங்காய், காத்தான்குடிப் பக்கத்துச் சீலைத் துணி எல்லாம் மேற்கே வயல் பக்கத்துப் படுவான்கரைக்குப் போகும். அங்கேயிருந்து நெல், தயிர், தேன், விறகு இக்கரைக்கு வரும். இடையில் ஆறு, ஆற்றில் தோணி, தோணிக்குக் காசு. குத்தகைக்காரன் கச்சேரியில் ஏலம் கேட்டு ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வான். பிறகு ஆளுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று அறவிட்டு அந்தத் தொகையையும் தன் லாபத்தையும் எடுக்க வேண்டும். வெள்ளாமை நன்றாக வரும், ஆட்கள் நிறையக் கடப்பார்கள் என்று நம்பினால் கூட்டிக் கேட்பான், இல்லாவிட்டால் பின்வாங்குவான். அதனால்தான் எனக்கு இந்த ஏல அறிவித்தல்கள் பிடிக்கும். அடுத்த வருடம் ஊர் எப்படி இருக்கும் என்று ஊரில் உள்ள கெட்டிக்காரர்கள் கணக்குப் போட்டது அந்தத் தொகையில் இருக்கிறது.

நெல் வரியையும் வெகுகாலம் இப்படித்தான் குத்தகைக்கு விட்டார்கள். பேச்சுக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் வரிக் குத்தகைக்காரன் வந்து பார்த்து மதிக்கும்வரை அரிவாள் வைக்கக்கூடாது. அவன் வரச் சுணங்கினால், மழை வந்தால், நட்டம் யாருக்கு? பெரிய வயல்காரரான போடியாருக்கு ஆள் பலம் இருந்தது, சமாளித்திருப்பார். சின்ன வயல்காரன் குத்தகைக்காரனுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வேலையை முடித்திருப்பான். 1878ல் வந்த சட்டம் வரியைக் காசாகக் கட்டச் சொன்னது. அதனால் வேறொரு தொல்லை. வயல்காரன் கையில் நெல் இருக்கும், காசு இருக்காது. கட்டாதவன் காணி ஏலத்துக்குப் போகும். ஹவ்லொக் இலங்கையின் தேசாதிபதியாக (ஆளுநராக) இருந்தபோது 1892ல் அந்த வரியை நீக்கினார்கள்.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். அரசாங்க அறிவித்தல்களை அச்சிடும் வர்த்தமானி 1802லேயே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன்காரர் 1841ல் உதயதாரகையைத் தொடங்கினார்கள், தமிழும் இங்கிலீசும் சேர்ந்த பத்திரிகை. ஆனால் படுவான்கரையில் வயலுக்குள் நிற்கிறவனுக்கு அச்சடித்த கடதாசி என்ன செய்யும்? அவனுக்குச் செய்தி பறையில்தான் வந்தது. இது ஏதோ ஊர்ப் பழக்கம் என்று நினைக்காதே, சட்டத்திலேயே இருக்கிறது. 1889ம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையை எடுத்துப் பார். கடன் தீர்ப்புக்காக ஒரு காணியைக் கைப்பற்றினால், அந்தக் காணியிலோ பக்கத்திலோ பறையடித்தோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்க வேண்டும், எழுத்துப் பிரதியைக் காணியில் கண்ணில் படும் இடத்திலும் நீதிமன்றக் கட்டடத்திலும் ஒட்ட வேண்டும் என்று சொல்கிறது. தந்திக் கம்பி வந்துவிட்ட காலத்தில் இங்கிலீசுச் சட்டம் இன்னும் பறையை நம்பி நின்றது.

யோசித்துப் பார் மச்சான். கோயில் சடங்குக்கும் சாவு வீட்டுக்கும் அதே பறை. அடிப்பவனை ஊர் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. ஆனால் பெரிய வீட்டுக் காணியைக் கைப்பற்றினால்கூட அதை ஊருக்குச் சொல்ல, சட்டம் முதலில் பெயர் சொன்னது அவன் பறையைத்தான். அறிவித்தலின் அடியில் கச்சேரித் தலைவரான ஏசண்டரின் கையெழுத்து இருக்கும், நீதிமன்றத் தீர்ப்புப்படி சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரியான பிஸ்காலின் கையெழுத்து இருக்கும். பறையடித்தவனின் பெயர் எங்கேயும் இருக்காது. உன் பேத்தி இதை ஒரு பந்தி எழுதினால் அவளுடைய டீச்சரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார் என்று நினைக்கிறேன்.

பிஸ்கால் விற்பனை அறிவித்தல்களில் இன்னொரு லாபம் உண்டு. காணியை அடையாளம் காட்ட நாலு பக்க எல்லையையும் எழுதுவார்கள். வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஆறு, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் தோட்டம், உள்ளே இத்தனை தென்னை, ஒரு கிணறு. கடனாளியின் கஷ்டத்தை எழுதப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரனையும் பதிந்து வைத்துவிட்டார்கள்.

காசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவளுக்கு அதுதான் குழப்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கு இறைசாலில், அதாவது இங்கிலீசில் ரிக்ஸ்டொலர் என்கிற பழைய காசில். ஒரு இறைசாலுக்குப் பன்னிரண்டு பணம். 1825ல் அதை ஒன்றரைச் சிலிங் என்று நிர்ணயித்தார்கள், பிறகு கச்சேரிக் கணக்கு பவுண், சிலிங், பென்சுக்கு மாறியது. 1872 தை முதலாம் திகதியிலிருந்து ரூபாயும் சதமும். ஒரு கிழவி தன் ஆயுளில் இந்த மூன்று கணக்கையும் பார்த்திருக்கலாம். எனக்கு இப்போதைய மரக்கறி விலையே பிடிபடுகிறதில்லை.

1848ம் ஆண்டு அறிவித்தல்களை விட்டுவிட வேண்டாம். நாய்க்கு ஒரு சிலிங், துவக்குக்கு (துப்பாக்கிக்கு) இரண்டரைச் சிலிங், கடைக்கு ஒரு பவுண் வரி. அதோடு ஆண்பிள்ளைகள் வருடத்தில் ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். மாத்தளைப் பக்கம் கலகம் எழுந்ததும், நாய் வரியும் கடை வரியும் பிறகு போனதும் அவள் புத்தகத்தில் இருக்கும். பெட்டிக் கடைக்காரனுக்கு ஒரு பவுண் என்றால் என்ன என்று மட்டும் யோசிக்கச் சொல்.

இன்னும் ஒன்று, பிள்ளைக்குச் சொல்ல உனக்கு மனம் வராது, ஆனாலும் மறைக்காதே. நூற்றாண்டின் முற்பாதியில் அடிமைகளைப் பதியச் சொல்லும் கட்டளைகளும் இந்த அரசாங்கத்திடமிருந்து வந்தன. 1844ல்தான் இலங்கையில் அடிமைமுறையைச் சட்டத்தில் முற்றாக ஒழித்தார்கள்.

1884 சித்திரை கழிந்து ஓரியண்டல் பேங்க் விழுந்த கதையும் நல்லது. கோப்பித் தோட்டங்கள் அழிந்தன, பேங்க் சாய்ந்தது, அதன் நோட்டை வைத்திருந்தவர்கள் நடுங்கினார்கள். கோர்டன் தேசாதிபதி அரசாங்கமே அந்த நோட்டுக்குப் பொறுப்பு என்று அறிவித்தார், அடுத்த வருடம் அரசாங்க நோட்டு வந்தது. நெல்லும் தயிருமாக யாவாரம் செய்தவர்களுக்கு அந்த நடுக்கம் குறைவாகத்தான் இருந்திருக்கும். அறிவித்தலில் ஏறாத யாவாரம் அது. மருதமுனைத் தறியில் விழுந்த துணியும், துறையடியில் கூவி விற்ற மீனும், "சூடு அடிச்சதும் தாறன்" என்று, நெல் பிரித்த பிறகு தருவதாகச் சொல்லி வாங்கிய கடனும் கச்சேரிக்கு வரி தராதவரை எந்த வர்த்தமானியிலும் வராது. பேத்தியின் கட்டுரையில் இதற்கும் ஒரு இடம் வேண்டும்.

கப்பலைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், முகத்துவாரத்து மணல்திட்டும் கரையோரக் கப்பலும் தனிக் கதை.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. உன் அப்பாவின் தகரப் பெட்டியை நீ கனடாவுக்குக் கொண்டு போனாய்தானே? அதில் பழைய காணி உறுதிகள் (பத்திரங்கள்) இருந்தால், எல்லை எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மடிப்பில் கிழிந்துவிடும், மெதுவாக விரி. வெயில் படும் ஜன்னல் பக்கம் வைக்காதே. சித்திரைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லு, அறையை ஒழுங்கு பண்ண வேண்டும்.

உன் பழைய கூட்டாளி