எந்தத் தண்ணீர் என்று முதலில் பார்

தூத்தூர்,
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த போட்டோக்களும் கிடைத்தன. சொந்தமாக ஒரு மீன்பிடிப் போட்டு வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "கூலிக்குப் போன பிள்ளை முதலாளி ஆயிட்டானே" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசி போட்டோவில் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் அந்த டிப்ஸ்டிக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு கனத்தது. ஆயில் பால் சாயா நிறத்தில் இருக்கிறது, அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

மற்றதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் பேட்டரி வயரைக் கழற்றி வை. யார் சொன்னாலும் செல்ஃப் அடித்துப் பார்க்காதே. தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் வேகமாக மேலே வந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். இப்போது சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, அதன் பிறகு எஞ்சினையே இறக்கும் வேலையாகிவிடும்.

அந்த நிறமே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம். ஓடாத எஞ்சினில் அது எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் தனியாகத் தெளிந்து கிடக்கும். ஆயில் வெளுத்திருக்கிறது என்றால், தண்ணீர் உள்ளே இருக்கும்போதே யாரோ எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். விற்றவர் உனக்கு ஸ்டார்ட் பண்ணிக் காட்டியதாக எழுதியிருக்கிறாய். அன்றே உள்ளே தண்ணீர் இருந்ததா, அதற்குப் பிறகு வந்ததா என்பதை அவரிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். மீதிப் பணத்தை அதுவரை கொடுக்காதே.

உங்கள் ஊர் மெக்கானிக் பார்த்தவுடனே, சிலிண்டர் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லிவிட்டாராமே. இருக்கலாம். ஆனால் வந்தது எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் ஹெட்டைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் போட்டில் மூன்று விதமான தண்ணீர் உள்ளே போக வழி இருக்கிறது: கடல் தண்ணீர், எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் தண்ணீர் (கூலன்ட்), மழைத் தண்ணீர். எது வந்தது என்று தெரிந்துவிட்டால் எந்த வழியாக வந்தது என்பது பாதி தெரிந்த மாதிரி.

ராத்திரி முழுக்கப் போட்டை அசையாமல் கட்டிப் போடு. காலையில் சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்து, முழுசாகக் கழற்றாதே. ஆயிலோடு கலக்காமல் தண்ணீர் அடியில் தேங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடி. பழைய ஆட்கள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நீ அதைச் செய்யாதே, கூலன்ட் விஷம். ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியில் சில சொட்டு தெளிந்த தண்ணீரை விட்டு, வெளியில் காற்றோட்டமான இடத்தில் அடுப்பில் காட்டு. வற்றியதும் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் கடல் தண்ணீர். பிசுபிசு என்று சாயத்தோடு ஒட்டினால் கூலன்ட். ஆயில் கறையைத் தவிர ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அநேகமாக மழைத் தண்ணீர்.

எனக்கு மழை மேல்தான் சந்தேகம். போட்டோவில் வீல்ஹவுஸுக்குப் பின்னால் புகைக்குழாய் நேராக வானத்தைப் பார்த்து நிற்கிறது, மேலே மூடி இல்லை. உங்கள் கேரளப் பக்கம் டிராலிங் (இழுவலை) தடை ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிற நாட்களும் அவைதான். அவ்வளவு நாளும் போட்டு சும்மா கட்டிக் கிடந்திருக்கும். குழாய் வழியாக இறங்கும் மழை, சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டுக்கு வந்து, எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கிறதோ அதில் நிரம்பும். பிறகு பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும்.

அப்புறம் டீசல் தெளிக்கும் நாசில்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எஞ்சின் முனையிலுள்ள பெரிய சக்கரமான ஃப்ளைவீலைக் கம்பி போட்டுக் கையால் சுற்று. எந்தத் துளையில் தண்ணீர் பீச்சுகிறது என்று சாக்பீஸால் குறித்து வை. முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் வந்து, தண்ணீரும் கூலன்டாக இருந்தால், உன் மெக்கானிக் சொன்னது சரி. எதிலுமே வராமல் சம்ப்பில் மட்டும் கூலன்ட் இருந்தால் சிலிண்டர் குழாயான லைனரின் அடி ஓரிங் (ரப்பர் வளையம்), இல்லையென்றால் ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலர். ஓடும்போது ஆயில் பிரஷர்தான் அதிகம் என்பதால் கூலர் ஓட்டையில் ஆயில் ரேடியேட்டர் பக்கம் போகும். நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயில் பக்கம் வரும். அதனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மேலே ஆயில் மிதக்கிறதா என்று பார். உப்புத் தண்ணீர் என்றால், எஞ்சின் பிளாக்கில் வெள்ளைக் கோடு ஏதாவது தெரிகிறதா, செல்ஃப் மோட்டாரின் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். போட்டு ஒரு தடவை உள்ளே தண்ணீர் ஏறி மூழ்கியிருந்தால் அந்தக் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

உப்பு என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, நாசில் துளை வழியாகச் சிலிண்டர்களில் ஆயில் விட்டுக் கையால் சுற்றி வை. சம்ப்பை இறக்கி ஒரு பேரிங்கையாவது கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். மழைத் தண்ணீர் என்றால் அவ்வளவு பயமில்லை. கனெக்டிங் ராடு எதுவும் வளையவில்லையென்று உறுதியானதும் விலை குறைந்த ஆயில் ஊற்றி, மெதுவாகச் சில நிமிடம் ஓட்டி வடித்து, நிறம் தெளியும்வரை திரும்பச் செய்யலாம்.

இவ்வளவு எழுதுவது உன்னைப் பயமுறுத்த இல்லை மக்கா. இங்கே தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் சேர்ந்து அலை உடைகிற இடம் உனக்குத் தெரியும். அதில் வைத்து எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்றும் தெரியும். 2017-இல் ஒக்கி புயல் வந்துபோன பிறகு, நம் ஊரில் எஞ்சின் கோளாறைச் சின்ன விஷயமாக எடுக்க எனக்கு மனசு வருவதில்லை. உன்னோடு ஏறப்போகிற ஆட்களின் வீடுகளும் இருக்கின்றன.

இங்கே தடை முடிந்து போட்டுகள் கொச்சிப் பக்கம் போய்விட்டன, தெரு வெறிச்சென்று கிடக்கிறது. தம்பி இந்தத் தடவை முதல் முறையாக ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான். அம்மா தினமும் சாட்டிலைட் போனில் பேசினானா என்று கேட்கிறாள். உன் மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாளா? எழுத மறந்துவிட்டாய்.

பாட்டிலில் பிடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதே, மூடி வை. ஞாயிற்றுக்கிழமை குழித்துறையில் ரயிலேறி கொல்லம் வருகிறேன். ரேடியேட்டருக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் பம்பும், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சும் கொண்டுவருவேன். நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு, நேராக நீண்டகரைத் துறைமுகத்துக்கே போய்விடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி