1998 இல் நான் சொன்ன ஆரூடத்துக்கு ஒரு கணக்கு

திருகோணமலையில் நாணயம் சேர்க்கும் பிள்ளைகளுக்கும், அவர்களில் சிலருக்கு இப்போது அப்பா அம்மா ஆகிவிட்ட என் பழைய மாணவர்களுக்கும்,

வணக்கம். சுதந்திரப் பொன்விழாவுக்கு இரண்டு உலோகத்தில் 10 ரூபாக் குற்றி வந்தபோது, வகுப்பில் அதை உயர்த்திக் காட்டி, "பத்திரமாக வையுங்கள், இருபது வருடத்தில் ஒன்று ஆயிரம் ரூபா போகும்" என்று சொன்னவன் நான்தான். சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து என் மூலமாக நாலைந்து வாங்கியவர்கள் உண்டு. இருபது வருடம் எப்போதோ கடந்துவிட்டது. கணக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

அந்த விலை வரவில்லை. கிட்டவும் வரவில்லை. அப்போது ஒரு டொலர் 65 ரூபா அளவில் இருந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு 300 ஐச் சுற்றி நிற்கிறது. குற்றி பெட்டிக்குள் அசையாமல் கிடந்தபடியே கரைந்து போயிற்று. அதே காலத்தில் சீட்டுக் காசில் ஒரு பவுண் வாங்கி வைத்த என் மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எங்கே பிழை விட்டேன் என்பது அமெரிக்கக் கதை ஒன்றைப் படித்த பிறகுதான் விளங்கியது. 1950 இல் டென்வர் நாணயசாலை 5 சதக் குற்றியை 26 இலட்சம் மட்டுமே அடித்தது. அவர்களுக்கு அது சொற்பம். அரிதாகும், விலை ஏறும் என்று ஆளாளுக்குச் சொல்ல, சனம் சுருள் சுருளாக வாங்கிப் பதுக்கியது. நாற்பது குற்றி கொண்ட ஒரு சுருளின் முகப்பெறுமதி 2 டொலர். 1964 வாக்கில் அது 1,200 டொலர் வரை போயிற்று. அப்புறம் விழுந்தது, எழும்பவில்லை. எல்லோரும் புதிதாகவே ஒளித்து வைத்ததால் இன்றும் அது பளபளவென்று தாராளமாகக் கிடைக்கிறது. 1999 முதல் 2008 வரை மாநிலத்துக்கு ஒன்றாக வந்த 50 கால் டொலர்களையும் இப்படித்தான் போத்தல் போத்தலாக நிரப்பினார்கள். பெரும்பாலானவை இன்றும் கால் டொலர்தான்.

மாறாக, என் அப்பாவிடம் 1957 புத்த ஜயந்தி 5 ரூபா ஒன்று இருந்தது. அதற்கு யாரும் ஆரூடம் சொன்னதாக நினைவில்லை. 28 கிராம், 92.5 வீதம் வெள்ளி. ஐந்து இலட்சம் அடித்ததில் பாதிக்கு மேல் திரும்பிப் போய் உருகிவிட்டது. மிஞ்சியதை இன்று தேடுகிறார்கள். சரி, வெள்ளி என்றால் கவலையில்லையா? 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 50 டொலரைத் தொட்டது, மார்ச் முடிவதற்குள் 11 க்கு இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் அந்த விலைக்குக் கிட்டப் போக 2011 வரை காத்திருந்தார்கள்.

ஒல்லாந்தர் செப்புக் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டைப் பக்கம் கிடைத்ததென்று கொண்டு வருவீர்கள். அதிலுள்ள வி.ஓ.சி. முத்திரையை, அதாவது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையை, வ.உ.சி. என்று வாசித்துப் பெருமைப்பட்ட பையனை நான் மறக்கவில்லை. அந்தக் கம்பனி அதைக் கோடிக்கணக்கில் அடித்தது, பெரிய விலை இல்லை. இருந்த கொஞ்ச விலையையும் புளி போட்டு மினுக்கிக் கெடுத்தீர்கள். கடற்கரைப் பக்கம் இருந்த இருவரின் ஆல்பம் 2004 டிசம்பரில் அலையோடு போனது. அதை எந்த ஆரூடக்காரன் கணக்கில் சேர்த்தான்?

இப்போது, 2013 என்று ஆண்டு பொறித்து மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த குற்றிகள் 25 ஐயும் உறையில் போட்டு "முதலீடு" என்று உங்களிடம் நீட்டுகிறார்கள். கேட்டால் என் பழைய குரல் போலவே இருக்கிறது. நம் மாவட்டக் குற்றி வேண்டுமென்றால் ஆசையாக வாங்குங்கள், நானும் வைத்திருக்கிறேன். முதலீடு என்று சொல்பவரிடம் மட்டும், "இதையே இன்றைக்கு நான் உங்களுக்கு விற்றால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். கொழும்பில் ஒரு கடைக்காரரிடம் நான் கேட்டேன். அவர் தேநீர் தந்தார்.

1998 இல் என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் ஞாயிறு காலையில் வீட்டுக்கு வாருங்கள். குற்றி ஒன்றுக்கு 65 ரூபா தந்து திரும்ப எடுத்துக்கொள்கிறேன். டொலர் கணக்குப்படி முதலுக்கும் கொஞ்சம் மேலேதான். புளி போட்டவற்றுக்கு 10 ரூபாதான்.

உங்கள் பழைய வாத்தியார்