18-ஆவது வரி

அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ போன் போட்டால் அவளோடு மட்டும் பேசி வைத்துவிடுவதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை இருக்கும்.

அடுத்த வாரம் பல்லடத்தில் விவசாயிகள் கூட்டத்தில் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசப் போகிறாயாமே. நம் குடும்பத்தில் மைக் பிடிக்கும் முதல் ஆள் நீதான். நிதானமாகப் பேசு. எடுத்ததும் படம், சதவீதம் என்று காட்டாதே. முதலில் ஒரு கிணற்றைச் சொல்லு: எந்தத் தோட்டம், எத்தனை அடி, எந்த வருஷம் வற்றியது. அப்புறம் கணக்குக்கு வா. "பக்கத்துத் தோட்டத்தில் 1,000 அடியில் தண்ணி வந்துச்சே" என்று எவனாவது எழுந்திருப்பான். அவன் கேட்குமுன் நீயே சொல்லிவிடு. நம் பக்கம் பாறை வெடிப்பில்தான் தண்ணீர். பத்தடி தள்ளினால் வெடிப்பு தப்பிவிடும்.

நொய்யல் ஆற்றையும் சொல்லு. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணிக் குட்டையானபோது நாங்கள் கத்தாத கத்தலா? கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான் உப்பு இருக்கலாம், இதோ இவ்வளவு இருக்கிறது என்று அளந்து காட்டியதுதான் கோர்ட்டில் நின்றது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னார்கள். கத்தினால் ஆகாது அம்மிணி. நிதானமாகப் பேசு.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நோம்பிக்கு வந்தபோது சுற்று வட்டாரத்து 17 போர்வெல்களின் ஆழமும் வருஷமும் நோட்டில் எழுதி வந்து, இன்னொன்று வேண்டாம் என்றாய். தப்பாக ஒரு சொல் பேசவில்லை. மாமன் முன்னால் "படிச்ச திமிரு" என்றேன். நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய்.

நீ போன மறுவாரம் போர் போடும் ரிக் வண்டியைக் கூப்பிட்டேன். நீரோட்டம் பார்த்தவர் கையில் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில்தான் போட்டோம். விடிய விடிய ஓட்டி 1,100 அடி. தண்ணீர் வரவில்லை, பாறைப் புகைதான். தென்னை ஓலையெல்லாம் வெள்ளையாகப் புழுதி படிந்ததுதான் மிச்சம். அம்மாவிடம் கொஞ்சம் கசிவு இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுடைய ஆரம் அடகுக்கடையில் இருப்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நோட்டை விட்டுவிட்டுப் போயிருந்தாய். 18-ஆவது வரியில் என் கையாலேயே எழுதிவிட்டேன்: கிழக்கு வேலியோரம், 1,100 அடி, புகை.

அந்தக் கிணற்றையே சொல்லு. யாருடையது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லு. நோட்டை கோயமுத்தூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். எந்த வண்டியில் கொடுக்கட்டும்? எனக்கே ஒரு போன் போட்டுச் சொல்லு.

அப்பா