உள்ளே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர்

அன்புள்ள செல்வம்,

பாப்பா கல்லூரியில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தப்பு செய்தவன்தானே உள்ளே இருக்கிறான், அவனுக்காக நீ ஏன் அலைகிறாய் என்று கேட்டிருந்தாய். சரி, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கையே சொல்கிறேன். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் எந்த நீதிமன்றமும் இன்னும் குற்றவாளி என்று சொல்லவே இல்லை. நூறு பேருக்கான இடத்தில் அப்போது 131 பேர் படுத்தார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாதது ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள்தான். இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சொந்தம் என்று நம் பக்கம் சாதாரணமாக உத்தரவு போடுவார்கள். போன மாதம் நான் பார்த்த ஒடிசா பையனுக்கும் அதே உத்தரவுதான். அவன் அப்பா வயலை விட்டுவிட்டு, ரயில் ஏறி, ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் வந்து நிற்க வேண்டும். வரவில்லை, பையன் உள்ளேயே இருக்கிறான். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

வழி இல்லாமல் இல்லை. ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்புறம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (BNSS) 479ஆம் பிரிவு: இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும், மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தால் அதுவும் கிடைக்காது, நம் ஊரில் ஒருவன் மேல் இரண்டாவது வழக்கு போடுவது எவ்வளவு சுலபம் என்று உனக்கே தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். திருப்பூரில் உன் கம்பெனியிலும் பக்கத்துக் கம்பெனிகளிலும் வட மாநிலப் பையன்கள் நிறைய பேர் இருக்கிறார்களே, அவர்களில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் உள்ளூரில் ஜாமீன் நிற்க உங்கள் சங்கத்தில் நாலு பேராவது சம்மதிப்பார்களா? பேசிப் பார்த்து எழுது. ரத்த சொந்தம் வேண்டும் என்ற நிபந்தனையை மாற்றக் கேட்டு மனு போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராமு