பெட்டியை இறக்குவதற்கு முன்னால்

ரங்கூன்,
ஆவணி மாதம்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்றும், சின்னவளுக்குத் தட்டோன் பக்கத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள் என்றும் படித்ததில் மனசு நிறைந்துவிட்டது. கல்யாணப் பேச்சை அடுத்த கடிதத்தில் ஆற அமர எழுதுகிறேன். இப்போது உன் டொயோட்டா சர்ஃப் ஜீப்பைப் பற்றி எழுதாமல் தாமதித்தால், மோல்மேன் பட்டறையில் அதன் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைக் கழற்றி இறக்கிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெகுவுக்கும் வாவுக்கும் நடுவே சாலையில் நின்ற வெள்ளத்தில் வண்டியை ஓட்டி வந்திருக்கிறாய். நாலைந்து நாள் கழித்து, நின்ற இடத்திலிருந்து கிளம்பவே வண்டி முக்க ஆரம்பித்திருக்கிறது. வேகம் பிடித்த பிறகு சாதாரணமாக ஓடுகிறது. ரிவர்ஸ் எப்போதும்போல் பலமாக இழுக்கிறது. மீட்டரில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு, அதாவது ஓவர்டிரைவ் என்ற நாலாவது கியரை நிறுத்தினால் எரிகிற விளக்கு, தானாகக் கண் சிமிட்டுகிறது. பட்டறைக்காரர், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் எரிந்துவிட்டன, ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்ட வேண்டும் என்கிறார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ எழுதிய அடையாளங்களே அவர் சொல்வதற்கு எதிராக இருக்கின்றன.

உன்னுடையது ஐசின் என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏ340 குடும்பத்து நாலு கியர் பெட்டி. நாம் ஹினோ லாரியிலும் மாஸ்டா ஜீப்பிலும் ஸ்பானர் பிடித்த காலத்துப் பெட்டி அல்ல அது. கியரை மாற்றும் முடிவு கம்ப்யூட்டருடையது. அதை ஆயில் அழுத்தமாக மாற்றி வேலை வாங்குபவை, பெட்டிக்குள் ஆயிலுக்கு வழிவிடும் வால்வ் பாடியில் உள்ள இரண்டு சோலனாய்டுகள், அதாவது கரண்ட்டில் திறந்து மூடும் சின்ன வால்வுகள். ஒன்றாவது கியரில் முதல் சோலனாய்டுக்கு மட்டும் கரண்ட் போகும். இரண்டாவது கியரில் இரண்டுக்கும் போகும். மூன்றாவதில் இரண்டாம் சோலனாய்டுக்கு மட்டும். ஓவர்டிரைவில் இரண்டுமே சும்மா இருக்கும். இப்போது முதல் சோலனாய்டு வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள். ஒன்றும் இரண்டும் கிடைக்காது; மூன்றும் ஓவர்டிரைவும்தான் மிச்சம். வண்டி மூன்றாவது கியரிலேயே கிளம்பப் பார்க்கும். நீ எழுதிய முக்கல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ரிவர்ஸைப் பற்றி நீ ஒரு வரி எழுதியது நல்லதாகப் போயிற்று. ரிவர்ஸுக்கு அந்த சோலனாய்டுகளின் தயவு தேவையில்லை. ரிவர்ஸில் பிடிக்கும் கிளட்ச்தான் மூன்றாவது கியரிலும் பிடிக்கிறது. ரிவர்ஸ் பலமாக இழுக்கிறது என்றால் ஆயில் பம்ப், இன்ஜின் இழுவையைப் பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர், அந்தக் கிளட்ச் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். எரிந்துபோன பெட்டி இப்படி நடந்துகொள்ளாது.

எல்4-ல், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கும் நிலையில், போட்டு ஓட்டினால் நன்றாக இழுக்கிறது, ஆகவே இன்ஜின் மேல் குற்றமில்லை, பெட்டிதான் போய்விட்டது என்று பட்டறைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எல்4-ல், கியர் பெட்டிக்குப் பின்னால் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி சுமார் இரண்டரை மடங்கு இழுவையைக் கூட்டிக் கொடுக்கிறது. மூன்றாவது கியரில் கிளம்பினாலும் வண்டி இலகுவாகத்தான் போகும். அதை வைத்துக் கியர் பெட்டிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. காய்ந்த தார் ரோட்டில் எல்4-ல் ஓட்டிப் பார்க்கவும் விடாதே, டிரான்ஸ்ஃபரும் ஷாஃப்ட்டுகளும் முறுக்கேறிக் கெட்டுப்போகும்.

முதலில் கியர் பெட்டி ஆயிலின் டிப் ஸ்டிக்கை, அதாவது அளவுக்கோலை, உருவிப் பார். வண்டி சமதரையில் நிற்கட்டும், ஆயில் நன்றாகச் சூடேறியிருக்கட்டும், இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் ‘பி’க்குத் திரும்பிய பிறகு பார்க்க வேண்டும். ஆயில் தெளிந்த சிவப்பாக இருந்தால் நிம்மதி. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பட்டறைக்காரர் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். நான் பயப்படுவது மூன்றாவதற்கு: ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்தக் கணமே இன்ஜினை அணைத்துவிடு, ஒரு தெரு தூரம்கூட ஓட்டாதே. கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் லைனிங் தண்ணீரில் ஊறிக் கழன்று வந்துவிடும். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார். அங்கேயும் எண்ணெய் மிதந்தால், ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்திருக்கிறது. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால், வெள்ளத்தில் நின்றபோது பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும்.

ஆயில் நன்றாக இருந்தால் அந்த விளக்கைப் படி. பானட்டைத் திறந்தால் ‘டயக்னாசிஸ்’ என்று எழுதிய சின்னக் கறுப்பு மூடி இருக்கும். அதற்குள் டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு, லீவரில் உள்ள ஓ/டி பொத்தானை உள்ளே அமுக்கிய நிலையில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய். விளக்கு, கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழை எண்ணை (அதைத்தான் கோடு என்கிறோம்) சிமிட்டிக் காட்டும். ஆறு முறை சிமிட்டி, கொஞ்சம் நின்று, இரண்டு முறை சிமிட்டினால் 62. அது முதல் சோலனாய்டு. 63 இரண்டாவது சோலனாய்டு. 64 டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் லாக்-அப் சோலனாய்டு. 42, 61 இரண்டும் ஸ்பீடு சென்சார்கள். நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தால் கோடு எதுவும் பதிவாகவில்லை. உனக்கு 62 வரும் என்று நினைக்கிறேன். எது வந்தாலும் எழுதி வைத்துக்கொள். அடுத்த சோதனையில் புதுக் கோடுகள் ஏறிக் குழப்பிவிடும், அதனால் இதை முதலில் செய்துவிட வேண்டும்.

அடுத்த சோதனைக்காகத்தான் இந்தக் கடிதமே. இன்ஜினை அணைத்துவிட்டு, கியர் பெட்டியின் பக்கவாட்டில் சோலனாய்டுகளுக்குப் போகும் ஒயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிடு. கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் பேச்சு அறுந்துவிடும். லீவர் சொல்வதை மட்டும் பெட்டி கேட்கும். லீவரை ‘எல்’லில் வைத்தால் (எல்4 அல்ல) ஒன்றாவது, ‘2’ல் மூன்றாவது, ‘டி’யில் ஓவர்டிரைவ், இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். ‘எல்’லில் போட்டதும் வண்டி பழைய துடிப்போடு பாய்ந்து கிளம்பி, ‘2’க்கும் ‘டி’க்கும் மாற்றும்போது கியர் மாறுவது தெளிவாகத் தெரிந்தால், உள்ளே கிளட்ச்சுகள் பிடிக்கின்றன, குற்றம் கரண்ட்டில். அதன் பிறகு யார் சொன்னாலும் பெட்டியை இறக்க விடாதே. ‘எல்’லிலும் அதே முக்கல் என்றால்தான் பெட்டிக்குள் பார்க்க வேண்டும்.

போன மழையில் என் பட்டறைக்குப் பெகுவிலிருந்து ஒரு அரிசி வியாபாரியின் சர்ஃப் வந்தது. உன் கதையேதான். கப்ளரைப் பிரித்துப் பார்த்தால் ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. உள்ளே கரண்ட் பாயும் உலோகப் பின் ஒன்று முழுக்கப் பச்சைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் பின்னின் முனை உதிர்ந்து விரலில் ஒட்டியது. பெட்டிப் பக்கத்துப் பின்களிலிருந்து பாடிக்கு மீட்டர் வைத்தால் ஷிஃப்ட் சோலனாய்டு ஒவ்வொன்றும் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். இரண்டும் அந்த அளவிலேயே நின்றன. பின்னை மாற்றி, கப்ளரைச் சுத்தம் செய்து, இஎஃப்ஐ ஃபியூஸைக் கழற்றி மாட்டிக் கோடை அழித்தேன். அவர் அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒருவேளை உன் சோலனாய்டே செத்திருந்தாலும் பெட்டிக்கு அடியில் உள்ள ஆயில் தட்டை மட்டும் இறக்கினால் கை எட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

என்னிடம் வேலை பழகும் பையன்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பெட்டியை மாற்றும் வேகம் அவர்களுக்கு நோய் கண்டுபிடிப்பதில் வருவதில்லை. ஜப்பானில் கழித்த பெட்டி கடையில் கிடைக்கிறது, இறக்கு, மாட்டு, காசை வாங்கு என்று பழகிவிட்டது. அந்தப் பழைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நல்ல பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தெரியாத பெட்டியை வாங்கி வருகிறார்கள் ஜனங்கள். மீட்டர் வைத்துப் பார்த்துக் காரணம் சொல்லாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது என்று இப்போது பட்டறையில் கட்டாயமாக்கியிருக்கிறேன். முணுமுணுக்கிறார்கள், இருந்தாலும் கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. சரியாகும்வரை ரோட்டில் லாரியை முந்தாதே. 1970-ல் நம் நாட்டுப் போக்குவரத்து வலது பக்கத்துக்கு மாறியும், நாம் ஓட்டுவது இன்னும் வலது பக்க ஸ்டியரிங் வண்டிதான். எதிரே வருவதைப் பார்க்கப் பாதி உடம்பை இடது சீட்டுப் பக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறது. முந்தும் நேரத்தில் மிதித்தவுடன் கீழ் கியர் விழ வேண்டும். உன் வண்டியில் இப்போது அந்த இரண்டாவது கியரே இல்லை.

அங்கே நம்பிக்கையான ஆள் கிடைக்காவிட்டால், ஆயில் சுத்தமாக இருக்கும் பட்சத்தில், கப்ளரைக் கழற்றியபடியே ரங்கூனுக்கு ஓட்டி வந்துவிடலாம். ‘எல்’லில் கிளம்பு, அப்புறம் ‘2’, அப்புறம் ‘டி’. வேகத்தில் இருக்கும்போது ‘எல்’லுக்கு மட்டும் இறக்காதே. கழற்றிய கப்ளரின் இரு முனைகளையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டிவிடு, மழை இன்னும் விடவில்லை. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வண்டி பட்டறையில் நிற்கும்போது தன்லின் பாலம் தாண்டி பீலிக்கான் முனீஸ்வரரைக் கும்பிட்டு வரலாம், அவளும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் அல்லவா.

விளக்கு எத்தனை முறை சிமிட்டியது, ‘எல்’லில் எப்படிக் கிளம்பியது, இந்த இரண்டையும் அன்றே போனில் சொல்லிவிடு. டிப் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து ஒரு போட்டோவும் அனுப்பு. அதைப் பார்க்கும்வரை பட்டறைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதே.

உன் பழைய தோழன்