அந்த பத்து பாயிண்ட்ட குடுத்துடுங்க: வினாடி வினா கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கும் கமிட்டி ஆளுங்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை ஃபைனல்ல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல, மைக் உங்க கையிலதான் இருந்துச்சு. அமெரிக்க உள்நாட்டுப் போர் ரவுண்டு. கெட்டிஸ்பர்க்ங்கிற ஊர்ல நடந்த மூணு நாள் சண்டையில, முதல் நாள் காலையில வடக்குப் படைத் தளபதி ஜான் பியூஃபர்டோட குதிரைப்படை எதிரிய எப்படி தடுத்துச்சுன்னு கேட்டீங்க. என் அக்கா பொண்ணு "குதிரைய விட்டு இறங்கி கார்பைன்ல சுட்டாங்க"ன்னா. கார்பைன்னா குதிரைப்படை வச்சிருந்த குட்டைத் துப்பாக்கி. உங்க ஷீட்ல "வாளேந்திப் பாய்ந்து"ன்னு இருந்துச்சாம். தப்புன்னீங்க, சரி. "குதிரைப்படைன்னா குதிரை மேலதானம்மா இருக்கணும்"னு ஒரு கமெண்ட் வேற அடிச்சீங்க பாருங்க, ஹாலே சிரிச்சுச்சு. அஞ்சு பாயிண்ட்ல கப்பு போச்சு.

அவ சொன்னதுதாங்க சரி. 1863 ஜூலை 1, தெற்குப் படைத் தளபதி ஹெத்தோட காலாட்படை சேம்பர்ஸ்பர்க் ரோட்டுல வந்துக்கிட்டு இருக்கு, பியூஃபர்ட்கிட்ட ரெண்டே பிரிகேடு, மூவாயிரம் பேர் கூட தேறாது. ரைஃபிளுக்கு நேரா வாளத் தூக்கிட்டு ஓடியிருந்தா ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான். அவர் ஆளுங்கள கீழ இறக்கி வேலி ஓரமா, மேட்டு மேலன்னு பரப்பி விட்டாரு. கையில இருந்தது பின்பக்கமா தோட்டா போடுற கார்பைன், குனிஞ்சு மறைஞ்சுக்கிட்டே லோடு பண்ணலாம், எதிரி ரைஃபிள்ல குழல் வாய் வழியா இடிச்சு இறக்கணும். கொஞ்சம் சுடு, கொஞ்சம் பின்னால வா, மறுபடி சுடு. ஜெயிக்கணும்னு இல்ல, வடக்குப் படையில இன்னொரு தளபதி ரெனால்ட்ஸ் தன் காலாட்படையோட வந்து சேர்ற வரைக்கும் இழுத்துப் பிடிக்கணும், அவ்வளவுதான். பிடிச்சாங்க.

நீங்க நினைச்ச வாள் சண்டை மூணாம் நாள், ஊருக்குக் கிழக்க, தெற்குக் குதிரைப்படைத் தலைவர் ஸ்டூவர்ட்டுக்கு எதிரா வடக்குப் பக்கத்து கஸ்டர் தன் மிச்சிகன் மாநிலக் குதிரைப்படை ஆளுங்கள கூட்டிட்டுப் பாய்ஞ்சது. நாளும் வேற ஆளும் வேற. ஷீட் எழுதுனவரு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாரு. அதனால அந்த பத்து பாயிண்ட்ட குடுத்துடுங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ல ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தா. திருமங்கலம் தாண்டுனதும், "மாமா, அப்ப இறங்கி சுடுறப்ப நாலு பேர்ல ஒருத்தன் சண்டை போடாம நாலு குதிரையையும் பிடிச்சுட்டு பின்னாடி நிப்பான்னு படிச்சது பொய்யா?"ன்னு கேட்டா. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அந்த நாலுல ஒருத்தன் கணக்க நோட்டுல படமா போட்டு வச்சிருந்த பிள்ளைங்க அது, வரிசையா மூணு குச்சி மனுஷன், பின்னாடி நாலு குதிரை, கயிறோட ஒரு ஆளு. ஊருக்கு வந்ததும் அந்தப் பக்கத்த கிழிச்சுட்டா.

உங்கள மட்டும் சொல்லி என்ன பண்ண, நம்மாளுங்க போடுற வீடியோ எல்லாத்துலயும் குதிரைப்படைன்னா இறகு குத்துன தொப்பியும் வாளும்தான். அந்தத் தொப்பிக்கார ஸ்டூவர்ட் ராக்வில்ங்கிற ஊர்ல எதிரியோட 125 சரக்கு வண்டிய புடிச்சு அதையும் இழுத்துக்கிட்டு ஜூலை 2 மத்தியானம்தான் தெற்குப் படையோட பெரிய தளபதி லீகிட்ட வந்து நின்னாரு, அது வரைக்கும் எதிரி எங்க இருக்கான்னு லீக்கு சொல்ல வேண்டிய கண்ணே இல்ல. அதே வருஷம் வடக்குக் குதிரைப்படையில கிரியர்சன்னு ஒரு மியூசிக் வாத்தியார், சின்ன வயசுல குதிரைகிட்ட உதை வாங்குனவரு, 1,700 பேரோட கிளம்பி, எதிரியோட மிசிசிப்பி மாநிலத்த ஊடறுத்துப் போயி ரயில் பாதைய பேத்துட்டு பேட்டன் ரூஜ்ங்கிற ஊருக்கு வந்து சேர்ந்தாரு. தம்ப்நெயில்ல அவருக்கு இடமில்ல, முகம் எடுப்பா இல்ல போல.

சரி, எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். கப்ப திருப்பிக் கேக்கல, ஜெயிச்ச பிள்ளைங்க வச்சுக்கட்டும். பத்து பாயிண்ட்ட சேத்து, பதில் சரிதான்னு ஒரு வரி எழுதி ஸ்கூலுக்கு அனுப்பி வைங்க, அவ பேர் போட்டு. அப்புறம் தயவுசெஞ்சு அந்த ஷீட்ட அடுத்த ஊருக்கு ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி திருத்திடுங்க.

இப்படிக்கு,
ஹால்ல கடைசி பெஞ்சுல சிரிக்காம உக்காந்திருந்தவன்