நீர்மூழ்கியில் சேர ஆசையா? முதலில் காதைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படை ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த மறுநாளே தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர்ப் பக்கத்துச் சுவர்களில் பயிற்சி மையங்களின் சுவரொட்டி ஏறிவிடுகிறது. அப்படியொரு சுவரொட்டி ‘நீர்மூழ்கிப் படையில் நேரடி வேலை’ என்கிறது. மாலுமியாகச் சேரும் பையனுக்கு அப்படி ஒரு நேரடி வேலை கிடையாது. முதலில் கடற்படையில் சேர வேண்டும். நீர்மூழ்கி என்பது அதன்பிறகு தானாக முன்வந்து விருப்பம் தெரிவிப்பவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் பிரிவு. இதை அச்சிட்ட மையத்துக்குத் தெரியாமல் இருக்காது.

சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) பிரிவுக்கு பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். எம்.ஆர். (மெட்ரிக் ரெக்ரூட்) பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு போதும். எழுத்துத் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மும்பைப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் சௌகரியம். ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். அடிப்படைப் பயிற்சி ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில். நீர்மூழ்கிக்குத் தேர்வானால் விசாகப்பட்டினத்தில் உள்ள ஐ.என்.எஸ். சாதவாகனாவில் தனிப் பயிற்சி. சமீப ஆண்டுகளில் தேர்வுக் கட்டணம் 550 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று அதற்குமேல் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

இனி, சுவரொட்டிகள் சொல்லாத விஷயங்கள்.

நம் ஊர் மசகான் டாக் கப்பல் தளம் கட்டிய கல்வரி வகை நீர்மூழ்கி 67.5 மீட்டர் நீளம். லோக்கல் ரயிலின் மூன்று பெட்டிகளைச் சேர்த்து வைத்தால் வரும் நீளத்தைவிடச் சற்றே அதிகம். இதில் 8 அதிகாரிகள், 35 மாலுமிகள். கூடவே டீசல் என்ஜின்கள், மோட்டார், 18 டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) அல்லது ஏவுகணை, தளத்துக்குக் கீழே 360 பேட்டரி செல்கள். ஒவ்வொரு செல்லும் சுமார் 750 கிலோ. எல்லாம் போக மிச்சமுள்ள இடம்தான் மனிதனுக்கு. பத்துக்குப் பதினைந்து அறையில் ஆறு பேராக வளர்ந்த பையனுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. தனி அறையில் வளர்ந்தவன்தான் முதலில் திணறுவான். ஆனால் எந்த அறைக்கும் ஒரு கதவு இருக்கும், வேண்டாமென்றால் தெருவுக்கு வந்துவிடலாம். இங்கே அது முடியாது.

பெரிஸ்கோப்பும் டார்பிடோவும் படத்தில் அழகாக இருக்கும். உள்ளே அன்றாடம் மனிதன் கவலைப்படுவது காற்றையும் பேட்டரியையும் பற்றித்தான். டீசல் மின்சார நீர்மூழ்கி நீருக்கடியில் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது தீரத் தீர மேலே வந்து, ஸ்நார்கெல் குழாயை நீருக்கு வெளியே நீட்டி, காற்று இழுத்து, டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். அதனால் பேட்டரி அறைக் காற்றோட்டமும் ஹைட்ரஜன் மீட்டரும் ஒரு நிமிடம்கூடக் கவனிப்பாரற்று இருக்கக் கூடாது. கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். தளத்தில் சிந்திய ஒரு வாளித் தண்ணீருக்கு அங்கே அத்தனை பேர் பதறுவது இதனால்தான்.

மூச்சுக் கணக்கு ஒன்று. ஒரு மனிதன் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறான். 43 பேர் என்றால் மணிக்கு 860 லிட்டர். வெளிக்காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான். மூடிய கப்பலில் இது பல மடங்கு ஏறும். ரசாயனப் பொருள் கொண்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் வெளிக்காற்றுபோல ஆகாது. 2, 3 சதவீதத்தை நெருங்கினால் தலைவலி, எரிச்சல், ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டிய மந்தம். புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம்.

இனி காது. ஸ்நார்கெல் ஓடும்போது அலை வந்து குழாயின் தலையை மூடினால், தண்ணீர் உள்ளே வராமல் அங்குள்ள வால்வு அடைத்துக்கொள்ளும். டீசல் என்ஜின் அதற்காக நிற்காது. கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். சட்டென்று உள் அழுத்தம் குறையும், அலை விலகியதும் திரும்ப ஏறும். கடல் கொந்தளிக்கும் இரவில் இது மணிக்கணக்கில் நடக்கும். தூங்குபவனுக்கும் காது அடைத்துத் திறந்துகொண்டே இருக்கும். ஓட்டை விழுந்த செவிப்பறை, நாள்பட்ட சீழ், சைனஸ் தொல்லை உள்ளவர்களால் இதைத் தாங்க முடியாது.

வீட்டிலேயே பார்க்கலாம். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூச்சை ஊதுங்கள். இரண்டு காதிலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றால் அழுத்தி ஊதாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சளி இருக்கும்போது சோதிக்க வேண்டாம். சொத்தைப் பல்லையும், சரியாக அடைக்காத பல்லையும் இப்போதே சரிசெய்யுங்கள். பல்லுக்குள் சிக்கிய காற்று, அழுத்தம் மாறும்போது கொல்லும் வலியைக் கொடுக்கும்.

அழுத்தத்தின் பெரிய பாடம் தப்பிக்கும் பயிற்சியில் வரும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் 4 லிட்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது நீர்மட்டத்தில் 8 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். எனவே தலையை மூடும் உடை இல்லாமல் ஏறுபவன் வழிநெடுக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும். பயந்தவன் மூச்சை அடக்குவான். அந்த இயல்பை உடைப்பதுதான் பயிற்சி. இதற்கென்றே சாதவாகனாவில் 2024 செப்டம்பரில் ‘விநேத்ரா’ என்ற பயிற்சி வசதி திறக்கப்பட்டது. ஐந்து மீட்டர் கோபுரமும் அதை ஒட்டிய நீர்த்தொட்டியும் கொண்டது. ரஷ்ய வகைக் கப்பல்களில் டார்பிடோ குழாய் வழியாக வெளியேறும் முறையும் உண்டு. அந்தக் குழாயின் உள்விட்டம் 533 மில்லிமீட்டர். சாக்பீஸால் தரையில் 53 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் தோளைக் குறுக்கிப் பாருங்கள். பிறகு அது இருட்டாகவும், தண்ணீர் நிறைந்தும், ஏழெட்டு மீட்டர் நீளமாகவும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு படபடத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடற்படையில் வேறு கப்பல்கள் இருக்கின்றன.

ஆபத்தை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைக் கடற்படைத் துறையில் நின்றிருந்த ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26 அன்று மும்பைக்கு வெளியே கடலில் ஐ.என்.எஸ். சிந்துரத்னாவில் தீப்பிடித்து, புகைக்கு இரண்டு அதிகாரிகள் பலியானார்கள். அதே நாளில் கடற்படைத் தளபதி பதவி விலகினார். நீர்மூழ்கியில் தீயைவிடப் புகை வேகமானது. மூச்சுக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது, காற்றுக் குழாயில் அதைச் சொருகும் இடம் எது என்பதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிக்கப் பழக்குவார்கள். 2018 முதல் ஆழ்கடல் மீட்பு வாகனம் நம்மிடம் உண்டு. 650 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஒரு தடவைக்கு 14 பேரைக் கொண்டுவரும். ஆனால் அது வந்து சேரும்வரை உள்ளே இருப்பவர்கள் தங்கள் காற்றில்தான் உயிரோடு இருக்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். வேலை வாட்ச் முறையில், அதாவது முறைவைத்து மாறி மாறி, நடக்கும். பகல், இரவு என்பது கடிகாரத்தில் மட்டும். சில கப்பல்களில் ஒருவர் எழுந்த படுக்கையில் அடுத்தவர் படுப்பார், சூடு ஆறியிருக்காது. கைபேசிக்கு வேலையில்லை. பச்சைக் காய்கறி முதல் சில நாட்களோடு சரி, பிறகு டின்னும் பருப்பும் உருளைக்கிழங்கும்தான். பொரிப்பது குறைவு; அந்த எண்ணெய்ப் புகையை எல்லோரும்தான் சுவாசிக்க வேண்டும். குளிப்பது கனவு. நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் தனிக் கணக்கு. பைப்படியில் அதிகாலை குடம் வைத்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பல நீர்மூழ்கிகளில் கழிப்பறைக் கழிவு ஒரு தொட்டியில் சேர்ந்து, அழுத்தக் காற்றால் கடலுக்குள் தள்ளப்படும். அந்த நேரத்தில் எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காமல் வால்வைத் திறந்தவன் முகத்தில் என்ன வந்து விழும் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஆழத்தில் கப்பல் அசையாது. மேலே ஓடும்போதுதான் வயிறு புரளும், உருண்டையான உடல் என்பதால் சாதாரணக் கப்பலைவிட மோசமாக உருளும். மும்பைக்கு வெளியே கடலடித் தரை வெகுதூரம் ஆழமில்லாமல் நீள்கிறது. நல்ல ஆழம் கிடைக்கும்வரை மேலேயே ஓட வேண்டும். ஜூலை மாத அரபிக்கடலில் அது எப்படி இருக்கும் என்று சசூன் டாக் மீனவர்களைக் கேளுங்கள்.

சாதவாகனா முடித்தவுடன் நீர்மூழ்கி வீரன் ஆகிவிட முடியாது. கப்பலில் ஏறி, ஒவ்வொரு குழாயையும் வால்வையும் கைவைத்துப் பின்தொடர்ந்து, எது எங்கே போகிறது என்று வரைந்து, பிரிவு பிரிவாக வாய்மொழித் தேர்வு கொடுத்துத் தேறினால்தான் நெஞ்சில் டால்பின் பேட்ஜ். சமையல்காரருக்கும் இதே சட்டம். வெள்ளம் புகும்போது அந்த வால்வின் பக்கத்தில் யார் நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே. மனப்பாடம் செய்து பிளஸ் டூ தேறியவர்களுக்கு இந்த இடம்தான் கடினம்; வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் பார்த்த பையன் முந்துவான்.

அக்னிவீர் பணி 4 ஆண்டுகள். அதன்பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரம். சில்கா, தொழிற்பயிற்சி, சாதவாகனா, டால்பின் என்று கழித்தால் 4 ஆண்டில் எவ்வளவு மிஞ்சும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நீங்கள் சேரும் பிரிவிலிருந்து நீர்மூழ்கிக்கு விண்ணப்பிக்கலாமா, எந்தக் கட்டத்தில், நீர்மூழ்கிக்கான படித்தொகை எப்போதிலிருந்து கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளையும் ஆள்சேர்ப்பு அலுவலகத்திலேயே கேளுங்கள். பயிற்சி மையத்தில் கேட்டால் மையத்துக்குச் சாதகமான பதில்தான் வரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கப்பல் கிளம்பினால் வாரக்கணக்கில் போன் வராது. எங்கே இருக்கிறான் என்று கேட்டால் பதில் இருக்காது, பதில் சொல்லவும் கூடாது. வீட்டில் அக்காவுக்கோ தங்கைக்கோ கல்யாணத் தேதி குறிக்கும்போது அவன் வரும் நாளை வைத்துக் குறிக்காதீர்கள். அந்த நாள் அவனுக்கே தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படையினர் சிலர்,
செம்பூர், மும்பை.